எண்ணெய் தொட்ட நிலைக்கதவு

முதல் பூச்சு விழுந்ததுமே லூர்துராணி ஸ்ப்ரே கன்னை நிறுத்திவிட்டாள். பாலிஷ் பரவவில்லை. கதவெங்கும் வட்டவட்டமாக விலகிக் குழி விழுந்தது.

“பெருமாளே! கதவுக்கு அம்மை போட்டாப்ல இருக்கே!” என்றார் வீட்டுக்காரர் கமலவல்லி மாமி. மறுநாள் காலை அந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கிரகப்பிரவேசம்.

லூர்துராணி பொன்மலைக்காரி. கணவர் போன பிறகு, பாலக்கரை பீரோ பட்டறையில் இரும்புக்குப் பெயிண்ட் அடித்தே பிள்ளைகளை வளர்த்தவள். மரத்தில் இதுதான் முதல் வேலை. இது தேறினால்தான் தில்லை நகர் கிளினிக் கதவுகள் அவளுக்கு என்று ஒப்பந்தக்காரர் ஜெய்சங்கர் சொல்லியிருந்தார். எங்கள் கிராமத்திலிருந்து முதல் இன்ஜினியராக வந்த நான்தான் இந்த வீட்டு வேலைக்கு மேற்பார்வை. அவள் பெயரை ஜெய்சங்கரிடம் சொன்னதும் நான்தான்.

“அந்த ஏர்லெஸ் மிஷின எடும்மா,” என்றார் ஜெய்சங்கர். “சுவரெல்லாம் அரை நாள்ல முடிச்சுதுல்ல? ஒரே அடியா மூடிடு.”

“வேணாங்க சார். அதுல காத்தே கிடையாது, பெயிண்ட்டையே அழுத்தித் தள்ளும். சுவருக்குச் சரி. இங்க கனமா விழுந்தா குழி இன்னும் வாயைத் திறக்கும்.”

“அப்ப பிரஷ்ஷா? விடிஞ்சுரும்!”

அவள் கதவை முகர்ந்தாள். “மாமி, இதுல எண்ணெய் பட்டுச்சா?”

“நேத்து வெள்ளிக்கிழமையாச்சே! வெறுங்கதவா நிக்கப்படாதுன்னு மஞ்சளை நல்லெண்ணெய்ல குழைச்சுத் தடவினேன். தொடைச்சுட்டேனேம்மா.”

“கேக்காம அடிச்சது என் தப்புங்க.”

தின்னரால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி துடைத்தாள். கம்ப்ரசரின் காற்றைக் குறைத்து, தள்ளி நின்று, புகைபோல அடித்தாள். அப்படி அடித்தால் துளிகள் கதவை எட்டுவதற்குள் பாதி உலர்ந்துவிடும். மிச்சமிருக்கும் எண்ணெயால் அவற்றை விலக்க முடியாது. ஆனால் பூச்சு சொரசொரவென்றே நிற்கும். பளபளப்புக்குக் கடைசியில் நெருங்கி ஈரமாக அடித்தே ஆகவேண்டும். குழி திரும்பினால் அப்போதுதான் திரும்பும்.

ஜெய்சங்கர் போனைக் கையில் எடுத்தார். “வேற ஆளைக் கூப்பிட்டு வைக்கவா?”

லூர்துராணி கதவை நெருங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கை நிற்காமல் மேலிருந்து கீழ்வரை அடித்து இறக்கினாள். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். கதவு கண்ணாடியாக நின்றது.

“மேல ஒன்னு இருக்குங்க,” என்று அவளே காட்டினாள். மிளகளவு குழி.

மாமி எட்டிப் பார்த்தார். “அங்கதானேம்மா நாளைக்குப் பொட்டு வைக்கப்போறேன்!”

“தண்ணியில குழைச்சு வைங்க மாமி. புண்ணியமாப் போகும்.”

ஜெய்சங்கர் போனைப் பைக்குள் போட்டார். “கிளினிக்குக்கு வந்துரும்மா. அங்க மஞ்சள் தடவ மாமி கிடையாது.”