ஃபியூஸ் பெட்டிக் கதவில் பென்சில் எழுத்து

அந்த வான் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் ஒயர்மேனாக இருந்தவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஒயரைக் கழற்றினாலும் மொட்டைமாடி ஃபியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் தேதி, மணி, கழற்றியது, மாட்டியது என்று பென்சிலால் எழுதிவிடுவார்.

"அண்ணே, உங்க வீட்டுக் கதையும் இதுல இருக்கா?" என்று கேலி செய்வார், விண்கற்களை அளக்கும் அம்மாள்.

"சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போனது, திரும்பி வந்தது, ரெண்டும் இருக்கும்மா. கீழ் வரிசைல பாருங்க."

பூமிக்குப் பக்கமாக வரும் பாறைகள் எந்த நொடியில் எங்கே இருந்தன என்று அளந்து அனுப்புவது அம்மாளின் வேலை. புதிதாகக் கண்ணில் பட்ட பாறை ஒன்றைப் பதினோரு இரவு விடாமல் அளந்து அனுப்பினார். மற்ற ஊர்களில் எல்லாம் மேகம். இருபத்துமூன்றாம் தேதி தலைமை மையத்திலிருந்து கடிதம் வந்தது: பாதை நன்றாகத் தெரிந்த பழைய பாறை ஒன்றையும் இடம் தள்ளிக் காட்டியிருக்கிறீர்கள், காரணம் தெரியாவிட்டால் எந்த இரவையும் ஏற்க முடியாது. புதிய பாறையோ அதற்குள் சூரியன் பக்கம் போய்விட்டது. மறுபடி அளக்க வழியில்லை.

அம்மாள் கணினிக் கடிகாரத்தைச் சோதித்தார். 2.2 நொடி பிசகு. என்றைக்கிலிருந்து? தேநீர் வேளையில் எல்லோரையும் கேட்டார். ஒயர்மேன் டம்ளரை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"நான்தாம்மா. ஒழுகுதுன்னு தளம் பூசின அன்னிக்கு, கடிகாரத்துக்கு நேரம் வாங்குற ஆன்டெனா ஒயரைக் கழட்டினேன். பன்னெண்டாம் தேதி, மூணு நாப்பதுக்கு. திருப்பி மாட்டினப்ப சரியா முறுக்கல. இப்ப தொட்டதும் கையோட வந்துடுச்சு."

ஓய்வு பெற அவருக்கு நான்கு மாதமே பாக்கி. அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது.

"எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமேண்ணே."

"எலி தேதி போடாதும்மா. நீங்க கேட்டது தேதியைத்தானே?"

பதினோரு நாளில் 2.2 நொடி, நாளுக்கு 0.2. ஒவ்வோர் இரவின் நேரத்தையும் அந்தக் கணக்கில் திருத்தி, கதவின் புகைப்படத்தையும் சேர்த்து அம்மாள் அனுப்பினார். நான்காம் நாள் பதில் வந்தது. பதினோரு இரவும் ஏற்கப்பட்டன. பாறையின் பாதையும் தெளிந்தது; பூமியை விட்டு வெகுதூரம் விலகியே போகிறது.

அம்மாள் மாடிக்கு ஓடினார். கதவில், பன்னிரண்டாம் தேதி வரியின் கீழ், "சரியாக முறுக்கவில்லை. என் தவறு" என்றிருந்தது. தொங்கிய பென்சிலை எடுத்து அதன் கீழே எழுதினார்: "பதினோரு இரவும் பிழைத்தன. நன்றி அண்ணா."

பின்னால் வந்து நின்ற ஒயர்மேன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்தார்.

"மணி போடலியேம்மா" என்றார்.