யாரும் நடக்காத பாதை

ரமணன், நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகசபைத் தலைவராகக் கையொப்பமிட்டு எல்லாத் தபால்பெட்டிகளிலும் நீங்கள் போட்ட கடிதத்தில், கட்டடத்துக்குப் பின்னாலுள்ள காட்டுப்பாதையை யாரும் பயன்படுத்துவதில்லை, ஆகவே அதை மூடிக் கார்கள் நிறுத்த இடம் எடுக்கலாம் என்று இருக்கிறது. வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த ரமணன் அந்தப் பாதையில் என்னோடு நடந்து வளர்ந்தவர்.

இலையுதிர் காலத்தில் அந்தப் பாதைக்கென்று ஒரு மணம் உண்டு. நனைந்து நசிந்த இலையும் ஈர மண்ணும் யாரோ வீட்டு விறகுப் புகையும் கலந்த மணம். தொண்ணூறுகளில், ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்திலுள்ள இந்தக் கட்டடத்தில், நாங்கள் இரண்டாம் மாடி, ரமணன் வீட்டார் நான்காம் மாடி. இரண்டு அப்பாக்களுக்கும் ஹோட்டலில் துப்புரவு வேலை. இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நோர்வேக்காரர் ஞாயிறு தவறாமல் குடும்பமாக நடக்கப் போவதையும் அதை அவர்கள் "தூர்" என்று சொல்வதையும் பார்த்து, எங்கள் ஆட்களும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு "தூர் போவம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் ஜக்கெற்றும் காலில் றப்பர் பூட்சும் போட்டுக்கொண்டு வருவா. கார் வரவே முடியாத அந்தப் பாதையில், பட்டப்பகலில், பிள்ளைகள் எல்லோருக்கும் வெளிச்சம் பட்டால் மினுங்கும் மஞ்சள் அங்கியை மாட்டிவிடுவார் அப்பா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் கண்டுவிடுவார்களோ என்ற வெட்கத்தில் நான் இருபதடி முன்னால் நடப்பேன். அதை இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பாதை முடியும் இடத்தில் தனியாக இருந்த ஒரு கிழவரின் மரவீடு. அவர் விழுந்த அப்பிள்களைப் பெட்டியில் போட்டு வேலிக்கு வெளியே வைத்து, வேண்டியவர்கள் எடுக்கலாம் என்று பலகையில் எழுதிவைப்பார். அப்பா அதை வாசித்தார், ஆனால் நம்பவில்லை. "சும்மா ஒருத்தனும் குடுக்கமாட்டான். கேட்டிட்டுத்தான் எடுக்கவேணும்" என்று போய் மணியை அடித்தார். எங்களுக்குள் நன்றாக நோர்வேஜிய மொழி கதைப்பவர் ரமணன்தான். அவரைத்தான் முன்னால் தள்ளிவிட்டோம். கிழவர் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முழுப்பெட்டியையும் எங்கள் பையில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து ஒன்றைக் கடித்துப் பார்த்த அம்மா, "இது அப்பிள் இல்லை, மாங்காய்!" என்றா. அவ்வளவு புளிப்பு. உப்பும் மிளகாய்த்தூளும் வினாகிரியும் போட்டு ஊறுகாயாக்கி, அடுத்த ஞாயிறு கிழவருக்கும் ஒரு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தா. அதற்கடுத்த ஞாயிறு அவர் வேலியடியில் எங்களுக்காகக் காத்துநின்றார். எங்களைக் கண்டதும் தொண்டையைப் பிடித்துக் காட்டினார். ஜாம் என்று நினைத்துப் பாணில் தடிப்பாகப் பூசிச் சாப்பிட்டிருக்கிறார்.

"ஐயோ அக்கா, மனிசனைக் கொல்லப் பாத்திட்டியள்!" என்று ரமணனின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தா.

அம்மா ரமணனைப் பிடித்தா. "ஏன்ரா, உறைக்கும் எண்டு நீ சொல்லேல்லையே?"

"நீங்கள் சொல்லச் சொல்லேல்லை, அன்ரி."

கிழவர் கழுவித் துடைத்த வெறும் போத்தலையும் இன்னொரு பை அப்பிளையும் நீட்டினார். பிறகு ஒவ்வொரு வருடமும் அவருக்கு ஒரு போத்தல் போனது.

ஒக்டோபர் கடைசியில் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பியதும் நாலரைக்கே இருட்டிவிடும். அப்போதும் நடை நிற்காது. "இருட்டெண்டு உள்ளுக்கை இருந்தா சித்திரை வரைக்கும் இருக்கவேண்டி வரும்" என்பார் அப்பா. ஈரச் சப்பாத்துகளை ஹீற்றருக்குக் கீழே அடுக்கிவிட்டு, இரண்டு குடும்பமும் எங்கள் குசினியில் முட்டி மோதி நின்று தேத்தண்ணி குடிப்போம். இந்த நாட்டில் நாங்கள் நிம்மதியாக இருந்தது அந்த நேரத்தில்தான்.

இப்போது கிழவரும் இல்லை, அவருடைய வீடும் இல்லை. அப்பிள் மரங்கள் நின்ற இடத்தில் வரிசை வீடுகள் நிற்கின்றன. ரமணன் இங்கேயே இருக்க, அவருடைய பெற்றோர் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அப்பா இறந்துவிட்டார். மிஞ்சியிருப்பது பாதையும் அம்மாவும். காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு அம்மா சக்கரம் பூட்டிய நடைதாங்கியைத் தள்ளிக்கொண்டு தினமும் அந்தப் பாதையில்தான் போகிறா. இந்தக் கிழமையும் போனா. பாதையை மூடினால் அவவுக்கு இருப்பது பெருந்தெரு ஏற்றம்தான். நவம்பரில் அது பனிக்கட்டி, நான் நடக்கவே பயப்படும் இடம். அம்மா வீட்டுக்குள் இருந்துவிடுவா. அந்த வயதில் உள்ளே இருந்துவிட்டவர்கள் திரும்பவும் வெளியே வந்து நான் கண்டதில்லை.

போன கிழமை லிப்ட் வாசலில் ரமணனைப் பிடித்துக் கேட்டேன். "அக்கா, இதைப் பெரிசுபடுத்தாதேங்கோ. அது சும்மா கடிதத்துக்கு எழுதிற வசனம்" என்று மெதுவாகச் சொல்லி என் தோளில் தட்டினார்.

அந்தப் பதில் எனக்கு வேண்டாம். அடுத்த மாதம் பொதுக்கூட்டம் இருக்கிறது. ரமணன், அங்கே எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்லுங்கள்: யாரும் நடப்பதில்லை என்று எழுதினீர்களே, உங்கள் கணக்கில் என் அம்மா யார்?