கூரையில் நின்ற அன்டனா

இனி டீவிப் பெட்டிக்குக் காலமில்லை, எல்லாம் இணையத்தில்தான் என்கிறான் என் மகன். காதில் எதையோ செருகிக்கொண்டு அவன் எந்த நாட்டு நாடகம் பார்க்கிறான் என்று பக்கத்து அறையில் இருக்கும் எனக்கே தெரியாது. நல்லதாய்ப் போயிற்று. நாங்கள் டீவி பார்த்தது ஊருக்கே தெரிந்திருந்தது.

இலங்கை மலைநாட்டில், மஹய்யாவ மேட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் ஒரு சிங்களச் சீமாட்டி; நோனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்துக் கூரையில் நீண்ட இரும்புக் குழாயில் அன்டனா நின்றது. வானம் வெளித்த நாட்களில் அதை வடக்கே திருப்பினால் இந்தியப் பாட்டு மங்கலாக வரும். அப்பா கூரையில் ஏறித் திருப்புவார். படம் தெளிகிறதா என்று வாசலில் நின்று கத்திச் சொல்வது என் உத்தியோகம்.

தமிழரை அடிக்கிற கலவரம் தொடங்கியதும், அந்தக் குழாய் வடக்கிலிருந்த போராளிகளுக்குச் செய்தி அனுப்புகிறதென்று கதை கிளம்பிற்று. வேலைசெய்த கந்தோரில் யாரோ காதில் போட, அப்பா பட்டப்பகலில் ஓடி வந்தார்.

"கழட்டிப்போட்டு வாறன். ஒருத்தரும் மூச்சுக் காட்டப்படாது" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அவர் குழாயைப் பிடித்து அசைத்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷம்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் திருப்புங்கோ!"

தெருவில் தடி பொல்லுகளோடு வந்த ஆட்கள் நின்று மேலே பார்த்தார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. அப்பா ஓட்டின்மேல் அசையாமல் குந்தியிருந்தார்.

நோனா கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். "ஏய் பாஸ்!" என்று மேசன், தச்சனைக் கூப்பிடுவதுபோல் அப்பாவை அதட்டினார். பின்னேரத்துக்குள் தன் டீவியில் படம் தெரியவேண்டுமென்று சிங்களத்தில் கத்தினார். பிறகு அந்த ஆட்களிடம், இரண்டு வீடும் தன்னுடையவை, வேலைக்காரன் மட்டும்தான் தமிழன் என்றார். கந்தோரில் பத்துப் பேரை மேய்க்கிற அப்பா, "ஹொந்தய் நோனா", சரி அம்மா, என்று தலையைக் குனிந்தார். அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் வீட்டைத் தன்னுடையது என்கிறாரே! அப்பாவும் அதற்குத் தலையைக் குனிந்தாரே! அன்று பின்னேரம் நோனா எங்களுக்குச் சோறும் பருப்பும் கொண்டுவந்தார்.

"கள்ளியின்ர சோறு எனக்கு வேண்டாம்" என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன்.

அம்மா என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அடித்த அம்மாவே ஏன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.