கிரேன் மேல் ஒரு பொய் விரதம்

எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு முடியப் பத்து நாள் இருக்கும்போதே எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மலக்குடலில் இருந்த புற்றுநோயை வெட்டி எடுத்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. உள்ளே தைத்த இடம் நன்றாக ஆறட்டும் என்று சிறுகுடலின் ஒரு பகுதியை வெளியே இழுத்து, வலது பக்க வயிற்றில் ஒரு பையை ஒட்டிவிட்டிருந்தார்கள். கழிவெல்லாம் அதில்தான் வரும். அடக்க முடியாது, எப்போது வரும் என்று சொல்லவும் முடியாது. நாலு மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து குடலைப் பழையபடி உள்ளே வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“அந்த நாலு மாசத்துக்கும் எம்.சி. வாங்கிக்கிட்டு பேசாம வீட்டுல இருங்களேன்,” என்றாள் மனைவி.

“இருந்து? வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கவா?”

சும்மா சொல்லவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து என்னைப் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், புற்றுநோய்க்கு நல்லது என்று துரியான் பிளாண்டா, அதாவது முள்சீத்தா இலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் என் முகத்தைப் பார்க்காமல் சட்டையையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். போகும்போது, “எல்லாம் விதி,” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இலைக்கட்டை அவர் முதுகிலேயே எறிந்திருப்பேன். நான் கிள்ளான் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடமாக கிரேன் ஓட்டுகிறவன். வீட்டு நாற்காலியில் விதியே என்று உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை.

எப்போது வேலைக்குப் போவது என்பதை டாக்டர் என்னிடமே விட்டுவிட்டார். “என்ன வேலை பாக்குறீங்க?” என்று மட்டும் கேட்டார். “போர்ட்ல டாக்டர். உக்காந்து பாக்குற வேலைதான்,” என்றேன். பொய்யில்லையே! கிரேனில் உட்கார்ந்துதான் வேலை. எந்த உயரத்தில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். வீட்டில், ஆபீஸ் கவுண்டரில் லைட் டியூட்டி கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். கவுண்டரில் உட்காருவதாவது, நானாவது!

எங்கள் கிரேன் கூண்டு ஏழு மாடி உயரத்தில் இருக்கும். இரும்பு ஏணியில் ஏறிப் போகவேண்டும். காலுக்குக் கீழே கண்ணாடித் தரை. இரண்டு கையிலும் இரண்டு லிவர். முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி கண்டெய்னரைத் தூக்கி, கீழே நிற்கும் லோரியில் இறக்கவேண்டும். ஏறினால் மூன்று மணி நேரம். அதன்பிறகு மாற்றாள் வருவான். கூண்டில் கழிவறை கிடையாது. ஒன்றுக்கு வந்தால் பாட்டில் உண்டு, அது எங்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பைக்கு எங்கே போவது? நிரம்பிக் கசிந்தால், அந்தச் சின்னக் கூண்டில் அடுத்து வந்து உட்காருகிறவனுக்கு அந்த நாற்றம் போகுமா? அதை நினைத்தாலே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்? காலையில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிளம்பினேன். மனைவி கட்டிக்கொடுத்த சோற்றை கேட்டில் இருக்கும் நேப்பாளி கார்டிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். “முழுசா சாப்பிட்டீங்களே!” என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

முதல் நாளே கேன்டீனில் என் மாற்றாள் பிடித்துக்கொண்டான். நல்ல பையன், என்னிடம்தான் கிரேன் பழகினான்.

“அண்ணே, சாப்பிடலையா? நாசி லெமாக் வாங்கிட்டு வரட்டா?”

“வேணாம்டா.”

“டீயாவது குடிங்கண்ணே. ஆபரேஷன் பண்ணுன உடம்பு லா.”

“விரதம்டா,” என்றேன். அந்தச் சொல் எங்கிருந்து வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

“அடேங்கப்பா! உயிர் பொழச்சதுக்கு நேர்த்திக்கடனா? பத்துமலைக்கு காவடியா அண்ணே?”

தலையை ஆட்டிவைத்தேன். அவ்வளவுதான், அடுத்த மேசையில் கோழிக்கறி தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்காத கடும் விரதம் என்று லோரிக்காரர்கள் வரை பேச்சு பரவிவிட்டது. எங்கள் ஃபோர்மேன் மலாய்க்காரர். அவரும் தோளைத் தட்டி, “புவாசா? பாகுஸ் லா, அண்ணே,” என்றார். நோன்பா, நல்லது என்று மனதாரத்தான் சொன்னார். ஒரு கேள்வி கேட்கவில்லை யாரும். ஊரில் எவன் வேண்டுமானாலும் நோயைத் தோண்டிக் கேட்பான், விரதத்தைத் தோண்டிக் கேட்க மாட்டான். முருகனுக்கு நான் ஒரு வேண்டுதலும் வைத்திருக்கவில்லை. எம்.சி. சீட்டு மாதிரி அவரைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் நன்றாகத்தான் போனது. பை தட்டையாக இருந்தது. கெட்டிக்காரன்டா நீ என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஐந்தாம் நாளிலிருந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஆரம்பித்தது. ஏணியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. கெண்டைக்கால் சதை சுருண்டு சுருண்டு இழுத்தது. பை மாற்றச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னாள். “அங்கிள், சோறு கொறஞ்சாக்கூடப் பரவால்ல. தண்ணியும் உப்பும் கொறஞ்சா விழுந்துருவீங்க. இந்தக் குடலுக்குத் தண்ணிய நிறுத்தி வைக்கத் தெரியாது.” எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. தெரிந்தேதான் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பாகக் குடித்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். புத்தி கெட்டவனுக்குச் சொல்லவா வேண்டும்?

ஒன்பதாம் நாள். மத்தியான வெயில். ஏறி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கீழே ஒரு லோரி வந்து நின்றது. டிரைவர் உள்ளேயே இருந்தார். கண்டெய்னரைத் தூக்கி நகர்த்தி இறக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது கைவிரல்கள் மடங்கி லிவரோடு இறுகிக்கொண்டன. விரிக்கிறேன், விரியவில்லை. என் கைதான், ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. கண்டெய்னர் லோரியின் பின்தட்டை விட்டு விலகி, முன்னால், டிரைவர் உட்கார்ந்திருந்த தலைப்பக்கமாக நகர்ந்தது. கண்ணாடித் தரை வழியாக அந்த வெள்ளைக் கூரை தெரிகிறது. அதன் மேல் கண்டெய்னரின் நிழல் ஏறுகிறது. ஐயோ முருகா என்று கத்தினேனா, நினைத்தேனா தெரியாது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, பிய்த்து எடுப்பதுபோல் லிவரிலிருந்து இழுத்தேன். கையை எடுத்தால் லிவர் தானாக நடுவுக்கு வந்துவிடும். வந்தது. கண்டெய்னர் நின்றது. லோரியின் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில், லேசாக ஆடியபடி தொங்கிக்கொண்டு நின்றது.

வாக்கி-டாக்கியில் ஃபோர்மேனின் குரல் கேட்டது. “அண்ணே! அபா ஹால்?” என்ன விஷயம் என்று மூன்று முறை கேட்டார். கடைசியில், “தா போலே,” என்றேன். முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கூண்டிலிருந்து நான் அப்படிச் சொன்னதே இல்லை.

லோரி டிரைவரை இறங்கி ஓடச் சொன்னார்கள். மாற்றாள் ஏறிவந்து கண்டெய்னரை ஒழுங்காக இறக்கிவைத்துவிட்டு, என்னை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கினான். நிழலில் உட்காரவைத்தார்கள். அந்த லோரி டிரைவர் என்னை நோக்கி வந்தார். என்னைவிட மூத்தவர், நெற்றியில் திருநீறு. அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் குனிந்து என் பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சாமி, இவ்ளோ கடுமையான விரதத்தோட மேல ஏறியிருக்கீங்க. அந்த முருகன்தான் நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்துனாரு. எம் மகளுக்குப் பிள்ளை தங்க மாட்டேங்குது சாமி. பத்துமலையில அவளுக்கும் சேத்து வேண்டிக்குங்க.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சட்டையைத் தூக்கிப் பையைக் காட்டினேன். மாற்றாள், ஃபோர்மேன், எல்லோரும் பார்த்தார்கள். “விரதம் எல்லாம் இல்லைங்க. இது நிரம்பிடுமேன்னுதான் சாப்பிடல, தண்ணி குடிக்கல. காவடியும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “விரதமே இல்லையா?”

“இல்ல.”

“நான் கீழ உக்காந்திருந்தேன்யா,” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. திரும்பி லோரிக்கு நடந்துவிட்டார். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

ஃபோர்மேன் என் கிரேன் பாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “ஓராங் சாக்கிட் தா பாயா புவாசா, அண்ணே,” என்றார். நோயாளிக்கு நோன்பே கிடையாது, எங்கள் மார்க்கத்திலேயே அப்படித்தான் என்று விளக்கினார். பிறகு தானே காரில் ஏற்றி கிளினிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து சேர்ந்தாள். கவுண்டர் வேலை என்று சொன்னது, சோற்று டப்பா, விரதம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். “கீழே ஒரு மனுஷன் இருந்தாரு. அவர் தலையில போட்டிருப்பேன். அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா…” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவளுக்கு வந்ததே கோபம்!

“கீழ இருந்தவரு, கீழ இருந்தவருன்னு அவரையே சொல்றீங்களே. மேல உக்காந்திருந்தது யாரு? அவரு எம் புருஷன் இல்லையா?”

அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒன்பது நாளும் பை கசியுமா, நாற்றம் வருமா, எவனாவது கண்டுபிடிப்பானா என்றுதான் கவலைப்பட்டேன். அந்தக் கூண்டில் செத்துப்போகக்கூடிய ஒரு ஆளும் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

“டாக்டர்கிட்ட நீயே பேசு. நான் என்ன வேலை பாக்குறேன்னு ஒழுங்கா சொல்லு,” என்றேன். “நாலு மாசத்துக்கும் எம்.சி. எழுதச் சொல்லு.”