தெற்குப் பார்த்த மீற்றர்

முப்பத்தொரு மணித்தியாலம். மார்க்கண்டு அண்ணையைக் கடைசியாகக் கண்டதற்கும் அந்த மீற்றரின் முள் அசைந்ததற்கும் இடையில் சென்ற நேரம். நான் விஞ்ஞானம் படித்தவள். கண்டதையும் கேட்டதையும் தவிர எதையும் இங்கே எழுதவில்லை.

1943, பங்குனி மாதம். மயிலிட்டிக்குப் போகும் வழியில் புதிதாக ஒரு நீர்த்திட்டம். வடக்கே கிணறும் பம்பும். தெற்கே, பனைகளுக்கு அப்பால், சீமெந்துத் தண்ணீர்த் தாங்கி. இடையில் இரும்புக் குழாய். அதில் ஓடும் தண்ணீரை அளக்கும் மீற்றரை எங்கே வைப்பது என்று சொல்வது என் வேலை. பொருத்துவது மார்க்கண்டு அண்ணை.

கிழக்கே ஓடும் துண்டில், வளைவை ஒட்டி வைக்கத்தான் அவர் விரும்பினார். வளைவில் தண்ணீர் சுழலும், கணக்குப் பிழைக்கும், மீற்றருக்கு முன்னால் விட்டத்தைப்போல் பத்து மடங்கு நேர்க்குழாய் வேண்டும் என்றேன். அவ்வளவு நேரான துண்டு தெற்கே போவது ஒன்றுதான். மீற்றரில் வார்த்திருந்த அம்பும் தெற்கையே பார்க்கும்.

“யமன்ரை திசையைக் காட்டச் சொல்லுறியள், தங்கச்சி,” என்று சிரித்தார். ஆனாலும் வைத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, மிச்ச வேலை கிடக்கிறதென்று ஸ்பானரோடு போனார். வீடு திரும்பவில்லை. அவருடைய சால்வை கிணற்றுக் கட்டில் கிடந்தது. மயிலிட்டிச் சுழியோடி நீக்கிலாப்பிள்ளை வந்து கிணற்றில் ஐந்து முறை முழுகினார். கல்லும் மணலும்தான் என்றார்.

அடுத்த நாள் பிற்பகல் இரண்டு மணி. ஆட்கள் வேறு கிணறுகளைப் பார்க்கப் போயிருந்தார்கள். மீற்றர்க் கொட்டிலில் நானும் அவர் மனைவி குணலட்சுமி அக்காவும் மட்டும். அக்கா முதல் நாள் இரவிலிருந்து எதுவும் குடிக்கவில்லை.

டங்...

குழாயில் ஒரே ஒரு தட்டு.

வேலை செய்யும்போது அண்ணை அப்படித்தான் எனக்குச் சொல்லி அனுப்புவார். ஒரு தட்டு என்றால் வால்வைத் திற. இரண்டு என்றால் மூடு.

“அவர்தான். திறவுங்கோ,” என்றார் அக்கா.

பம்பு அதுவரை ஒருநாளும் ஓடியதில்லை. குழாய் வெறுமை.

டங்...

திறந்தேன்.

முள் அசைந்தது. பூச்சியம் தாண்டியது. ஒரு கலன்... இரண்டு...

இரும்பு குளிர்ந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்.

முள் முன்னே சுற்றியது. தண்ணீர் அம்பு காட்டும் பக்கம் போகிறது.

கிணறல்ல.

தெற்கு.

“உயிரோடை இருக்கிறார். தட்டுறார்,” என்றபடி அக்கா பனைகளுக்குள்ளால் ஓடினார்.

தாங்கியின் மூடி திறந்து கிடந்தது. கசிவு பார்க்க வண்டியில் கொண்டுவந்து நிரப்பிய தண்ணீர் அரைவாசிக்கு நின்றது. அதில் அவர் குப்புறக் கிடந்தார்.

முதல் நாள் காலையே உயிர் போய்விட்டது என்றார், உடலைப் பார்த்த அப்போதிக்கரி. அக்கா அதை நம்பவில்லை. இப்போதுதானே தட்டினார் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

வேலையை மேற்பார்த்த ஓவசியர் ஆழ்வாப்பிள்ளையிடம் தட்டையும் முள்ளையும் சொன்னேன். அவர் அக்காவுக்குக் கேளாத தூரத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்.

“பிள்ளை, உந்தக் குழாயைத் தாங்கியிலை பூட்டத்தான் அவன் வந்தவன். இன்னும் பூட்டேல்லை. நடுவிலை பத்தடிக்குக் குழாயே இல்லை. மண்ணும் காய்ஞ்சு கிடக்கு.”