எங்கள் தொட்டிலில் படுத்த எட்டாவது பிள்ளை

எனக்கு எழுபத்தொன்பது முடிந்து எண்பது நடக்கிறது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது என் நாத்தனார் மகன். அவனையும் என் பிள்ளை என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஏழு பேரும் ஒரே மரத்தொட்டிலில் கிடந்து வளர்ந்தவர்கள். அந்தத் தொட்டிலில் எட்டாவதாகவும் ஒரு பிள்ளை படுத்தது. ஒரே ஒரு நாள்தான், அதுவும் ஒரு மத்தியானம் வரைக்கும்தான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், தேனியில். நாங்கள் அப்போது போடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு இலவம் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை. நான் வீட்டில் உட்கார்ந்து பச்சைப்பிள்ளைச் சாமான்கள் தைப்பேன். இலவம் பஞ்சு அடைத்த குட்டி மெத்தை, கையகலத் தலையணை, முன்பக்கம் நாடா கட்டும் சட்டை, காதை மூடும் குல்லா, இடுப்பில் முக்கோணமாகக் கட்டும் துணி, இவ்வளவும் என் கைவேலை. இரண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனால் பிள்ளையை ஒருதரம் பார்த்தால் போதும், அளவெடுக்காமல் துணி வெட்டுவேன். அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அந்தச் சமயத்தில் மதுரைக்காரர்கள் தேனியில் ஒரு பெரிய கடை திறந்தார்கள். நாமே உள்ளே போய், வேண்டியதைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வரலாம். அதுவே எங்களுக்கெல்லாம் அதிசயம். மதுரையில் தலைமைக் கடை. உத்தமபாளையம், கம்பம் என்று வரிசையாகக் கிளைகள். நான் ஒரு பை நிறையத் தைத்து எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றேன். சின்ன வயசுக்காரர். சட்டையைப் புரட்டி உள்பக்கத் தையலைப் பார்த்தார். ஒரு நூல் தொங்கவில்லை.

“நல்லாத்தான்க்கா இருக்கு. வச்சுப் பாப்போம். ஓடுச்சுன்னா எல்லாக் கிளைக்கும் நீங்கதான்” என்றார்.

‘ஓடுச்சுன்னா’ என்றது என் காதில் விழவே இல்லை. எல்லாக் கிளைக்கும் நான்தான் என்பது மட்டும் விழுந்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நாலு பெண்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு மதினி முறை. அவள் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலையையே விட்டுவிட்டு என்னோடு தைக்க வந்தாள்.

ஒரு மாதம் போனது. ஒரு சட்டை கூட நகரவில்லை. போய்ப் பார்த்தால், சோப்புக்கும் கொசுவத்திக்கும் நடுவில், அடித்தட்டில், மடித்தது மடித்தபடி கிடந்தது. குனிந்தால்தான் கண்ணில் படும்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, வர்ற சந்தையன்னைக்கு மொதலாளி மதுரையிலருந்து வாராக. அன்னைக்கும் போகலைன்னா எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துரச் சொல்லிட்டாக. இனிமே எந்தக் கிளைக்கும் வேணாமாம்.”

“வாசல்கிட்ட ஒரு நாளைக்கு மட்டும் எனக்கு எடம் குடுங்க தம்பி. நானே அடுக்குறேன்” என்றேன். யோசித்துவிட்டு, சரி என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மதினிக்காரி தையலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். “ஏலக்காய்க் கடையில என் எடத்துக்கு வேற ஆளு வந்தாச்சு மதினி. அதையும் ஞாபகத்துல வச்சுக்கங்க” என்றாள்.

சந்தை நாள் காலையில் எங்கள் தொட்டிலைக் கழற்றி, துடைத்து, பஸ்ஸின் மேலே ஏற்றினேன். கண்டக்டர் கேட்டார், “தொட்டில் வருது, பிள்ளை எங்கனத்தா?” பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் கேட்ட கேள்வியின் அருமை அப்போது எனக்குப் புரியவில்லை.

கடை வாசலில் இருந்த இரும்புக் கொக்கியில் தொட்டிலை மாட்டினேன். உள்ளே மெத்தை விரித்து, தலையணை வைத்து, ஓரமெல்லாம் சட்டைகளைத் தொங்கவிட்டு, மேலே ஒரு கிலுகிலுப்பையும் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் சின்னத் தேர் மாதிரி இருந்தது. கடையில் வேலைபார்த்த பெண்ணின் கையில் கயிற்றைக் கொடுத்து, “நிக்காம ஆட்டு தாயி. ஆடுனாத்தான் கண்ணுல படும்” என்றேன்.

கண்ணில் பட்டது உண்மைதான். பெண்கள் தூரத்திலேயே பார்த்து முகம் மலர்ந்து வந்தார்கள். கிட்டே வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் மாறிப் போய்விட்டார்கள். ஒருத்தி கைப்பிள்ளையை மாராப்புக்குள் மூடிக்கொண்டே நகர்ந்தாள். மாசமாக இருந்த இரண்டு பெண்கள் வாசலோடு திரும்பினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிறம் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். “இன்னும் வேகமா ஆட்டு” என்றேன்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். முதலாளி பன்னிரண்டு மணிக்கு வருவதாகத் தகவல்.

அப்போது காய்க்கூடையோடு ஒரு வயசான அம்மா வந்தது. கூடையைத் தரையில் இறக்கிவிட்டு, ஆடுகிற தொட்டிலை ஒரு கையால் பிடித்து நிறுத்தியது.

“யாருடி இது, வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டு நிக்கிறவ?”

“நான்தான் ஆட்டச் சொன்னேன்” என்றேன்.

“பிள்ளை வளத்தவளா நீயி?”

“ஏழு வளத்துருக்கேன்.”

“ஏழு வளத்தவளுக்கு இது தெரியாதாக்கும்? வயித்துப்பிள்ளைக்காரி ரெண்டு பேரு வாசல்ல கால வைக்காமத் திரும்பிட்டாளுக. பாத்துக்கிட்டேதான் வாரேன். நல்லா வெளங்கும் உன் யாவாரம்!”

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. என் வீட்டில் எந்தப் பிள்ளையாவது வெறுந்தொட்டிலில் கைவைத்தால் கையிலேயே ஒன்று போடுவேன். அப்படிப்பட்ட நான், கடைக்குள் வந்ததும் அது தொட்டில் என்பதையே மறந்துவிட்டேன். சரக்கு வைக்கிற தட்டாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைப் பெண்ணின் கையிலிருந்து கயிற்றை வாங்கினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முதல்முதலாகப் பிள்ளையைத் தொட்டிலில் போடும்போது, அதற்கு முன்னால் அம்மிக் குழவியைத் துணியில் பிள்ளை மாதிரிச் சுற்றிப் படுக்க வைப்போம். பிள்ளை குழவி மாதிரி உறுதியாக வளரட்டும் என்று. என் பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறேன்.

எதிரே ஒரு இட்டிலிக்கடை. அங்கே ஓடினேன். கடைக்காரம்மாவை முன்னே பின்னே பார்த்தது கூட இல்லை.

“உங்க அம்மிக் குழவியக் கொஞ்ச நேரம் குடுங்க. தொட்டில்ல போடணும்.”

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மத்தியானச் சட்னிக்கு முந்திக் குடுத்துருங்க” என்றாள். நான் தூக்கப் போனதும் கையைத் தட்டிவிட்டு, தானே தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், மஞ்சள் தேய்த்து இன்னொரு தரம் கழுவினாள். “மொளகா அரைச்ச கல்லு. பிள்ளைக்குக் கண்ணு எரியப்போகுது” என்றாள்.

குழவியைச் சுமந்துகொண்டு வந்த என்னைப் பார்த்து மேனேஜர் பதறிவிட்டார். “என்னக்கா, கடைக்குள்ள கல்லத் தூக்கிட்டு வாரீக! மொதலாளி பாத்தா என் வேலை போயிரும்.”

“சத்தம் போடாதீக தம்பி, பிள்ளை முழிச்சுக்கும்” என்றேன்.

சட்டை மாட்டி நாடா கட்டினேன். முக்கோணத் துணி கட்டினேன். குல்லாவைப் போட்டு, கடைப் பெண்ணின் மையை வாங்கிக் கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்தேன். தலையணையில் சாய்த்துப் படுக்க வைத்தபோது, உள்ளபடியே சொல்கிறேன், கல் என்று எனக்கே மறந்துபோனது.

“இப்ப ஆட்டலாமாக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“மெதுவா ஆட்டு.”

முதலில் எட்டிப் பார்த்தவள் ‘ஐயோ’ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தன்னோடு வந்தவர்களைக் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷத்தில் தொட்டிலைச் சுற்றி இடமில்லை.

“மூக்கும் முழியும் அப்பன உரிச்சு வச்சுருக்கு!”

“நெறம் மட்டும் ஆத்தா நெறம்.”

“ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?”

“எந்திரிச்சதும் கேட்டுச் சொல்றேன்” என்றேன். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கியது.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஆம்பளை, பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரர், ரொம்ப நேரமாகத் தயங்கித் தயங்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் கிட்டே வந்து, “இந்தப் பிள்ளைக்கு எத்தன மாசம்?” என்று கேட்டார்.

நான் சிரிக்காமல், “மூணு மாசம்” என்றேன்.

“என் தங்கச்சி மகனுக்கும் மூணுதான். தாய்மாமன் வெறுங்கையோட போக முடியாதுல்ல. எது எதுக்கு எதுன்னு எனக்குத் தெரியாது. இது போட்டுருக்கது, படுத்துருக்கது, அம்புட்டையும் ஒண்ணொண்ணு குடுங்க.”

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. மடித்து அடுக்கியிருந்தால் எது சட்டை, எது இடுப்புத் துணி என்று வாங்க வந்தவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளை போட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் வாங்கியதைப் பார்த்து அடுத்தவர் கேட்டார். அதற்கப்புறம் யாரும் ஒற்றைச் சட்டை கேட்கவில்லை. ‘அந்தப் பிள்ளைக்குப் போட்டிருக்கிற மாதிரி’ என்றுதான் கேட்டார்கள். மேனேஜரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பொட்டலம் கட்டினார்.

முதலாளி வந்தபோது, குழவி மேல் இருந்ததைத் தவிர என் சரக்கு ஒன்றும் மிச்சமில்லை. பெரிய மனுஷர், வெள்ளை வேட்டி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தொட்டிலுக்குள் குனிந்தார். குல்லாவைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். மேனேஜருக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு சத்தம். “எம் பிள்ளையக் குடுங்க! சட்னிக்கு ஆளு உக்காந்துருக்கு!” இட்டிலிக்கடைக்காரி, கையில் கரண்டியோடு.

முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பெத்தவுகளே தேடி வந்துட்டாக, குடுத்துருங்கப்பா” என்றார்.

அவள் விடுவாளா? “நாலு பெத்தேங்கய்யா. அழுகாம கெடந்தது இது ஒண்ணுதான்” என்றாள்.

சட்டையைக் கழற்றப் போனேன். அவள் விடவில்லை. குல்லாவும் மைப்பொட்டுமாகக் குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். சந்தைக்கு வந்த வண்டிகளெல்லாம் நின்று வழிவிட்டன.

முதலாளி என் பக்கம் திரும்பி, “மதுரைக் கடைக்கும் இப்பிடி ஒரு பிள்ளை வேணும்மா” என்றார்.

“கல்லு அங்கனயே கெடைக்கும்ய்யா. உடுப்பு மட்டும் நான் அனுப்புறேன்” என்றேன்.

அதன்பிறகு எத்தனையோ வருஷம் அந்தக் கிளைகளுக்கெல்லாம் நாங்கள்தான் தைத்துக் கொடுத்தோம். ஒவ்வொரு கடையிலும் ஒரு தொட்டில், அதில் ஒரு குழவி. நானே போய் உடுத்திவிட்டு வருவேன். கம்பத்தில் ஒருதரம் மலைக்கு அந்தப்பக்கமிருந்து வந்த மலையாளத்தம்மா ஒருத்தர், “குஞ்ஞு உறங்ஙுவாணோ?” என்று மெதுவாகக் கேட்டார். பிள்ளை தூங்குதா என்று அர்த்தம். நான் உதட்டில் விரல் வைத்துத் தலையாட்டினேன். அவரும் சத்தமில்லாமல் நகர்ந்தார். மதினிக்காரியை ஏலக்காய்க் கடையில் திரும்பக் கூப்பிட்டார்கள். “எனக்கு நேரமில்லைன்னு சொல்லிட்டேன்” என்று என்னிடம் வந்து அலட்டிக்கொண்டாள்.

இட்டிலிக்கடைக்காரியோடு கடைசிவரை பழக்கம் இருந்தது. காய்க்கூடை அம்மாவைத்தான் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சந்தையிலும் தேடினேன். அன்றைக்கு எத்தனையோ பேர் என் தப்பைப் பார்த்தார்கள். எல்லோரும் எனக்கு மனசு நோகக்கூடாதென்று பேசாமல் போனார்கள். அப்படியே விட்டிருந்தால் சாயங்காலம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்திருப்பேன். அந்த அம்மா ஒன்றுதான் தலைச்சுமையை இறக்கி வைத்து, நின்று, என்னைத் திட்டிவிட்டுப் போனது. அன்றிலிருந்து என்னை யாராவது திட்ட வந்தால், முதலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது என் பேத்தி. ஏத்தா, எழுதினத மொதல்ல இருந்து ஒருதரம் வாசி, கேப்போம். எங்கனயாச்சும் தப்பாச் சொல்லிருந்தா, பாட்டியாச்சேன்னு பாக்காத, திட்டு.