ஏணி கேட்கப் போன அண்ணன்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பனச்சமூட்டில் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடிக் கூண்டு, கதவைச் சாத்தினால் தானாகச் சுற்றும் சின்ன ஃபேன், வெளியே என் மேசை, மேசைக்குள் ஒரு நோட்டு. ஆட்கள் கூண்டுக்குள் நின்று துபாய்க்கும் பம்பாய்க்கும் சத்தம் போட்டுப் பேசும்போது நான் அந்த நோட்டில் கதை எழுதுவேன். எல்லாம் கிறிஸ்தவக் கதைகள். ஒருவன் பாவம் செய்வான், கோவிலுக்குப் போவான், அழுவான், திருந்திவிடுவான். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தமிழ்ப் பள்ளியில் படித்து, இந்தப் பக்கம், கேரளத்தில், கல்யாணம் கட்டி வந்தவள் நான். வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு பக்கத்துக் கோவில் பங்குகளிலும் தமிழ் வாசிக்கிறவர்களுக்காக ஓர் அச்சன், அதாவது பாதிரியார், மாத இதழ் ஒன்று நடத்தினார். பதினாறு பக்கம். என் கதைகள் அதில் வரும். பக்கம் பற்றாமல் போனால் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு அங்கே திருவிழா அறிவிப்பைப் போட்டுவிடுவார். என் பாவிகளில் பலர் அப்படித்தான் திருந்தாமலே போனார்கள்.

கதைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறை நாகர்கோவிலில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போய் ஒரு கதையை வாசித்தேன். தாடி வைத்த ஒருவர், கடைசிப் பக்கத்தில் கடவுள் வரும் வரைக்கும் நன்றாக இருந்தது என்றார். கடவுள் முதல் பக்கத்திலேயே வந்திருந்தார். சரி, இது கோவில்காரர்களுக்கான எழுத்து என்று திரும்பி வந்தால், மறைக்கல்வி நடத்தும் சிஸ்டர் இது எந்தப் புனிதரின் வரலாறு என்று கேட்டார்கள். நானே யோசித்து எழுதியது என்றேன். அப்படியென்றால் நடக்காத காரியம்தானே என்று மிகவும் அன்பாகக் கேட்டுவிட்டு, அச்சனிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னாயா என்றும் விசாரித்தார்கள்.

இன்னும் ஒரே ஒரு தொடர்கதை எழுதிவிட்டு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று மாதத்தில் முடிகிற கதை. ஒரு பலாமரத்துக்காகச் சண்டை போட்டுப் பதினொரு வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணனும் தம்பியும். பூசையில் ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். எதிரே வந்தால் அண்ணன் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். முதல் பகுதி வந்தது. வழக்கம்போல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது நாள் ரப்பர்க்காரர் வந்தார். அம்பூரியில் இருந்து வரும் ரப்பர் ஷீட்டை வாங்கி விற்கிறவர், ஐம்பதை ஒட்டிய வயது, ஜங்ஷனில் கடை. தினமும் காலையில் என் பூத்தில் இருந்துதான் கோட்டயத்துக்கு ஃபோனில் விளித்து விலை கேட்பார். அன்றைக்குக் கூண்டுக்குள் போகவில்லை. மாத இதழை மேசைமேல் வைத்து, என் கதையின் மேல் விரலை ஊன்றினார்.

"இது நானாக்கும்."

இல்லை அண்ணே, சும்மா யோசித்து எழுதியது என்றேன். அவருக்குத் தம்பி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எல்லாம் மனசிலாச்சு பிள்ளே. இனி நான் இஞ்ச விளிக்க வரமாட்டேன்" என்றார்.

பனச்சமூட்டில் சாலைக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கேயும் ஒரு பூத் இருந்தது. மறுநாளில் இருந்து அவர் என் கண்முன்னால் சாலையைக் கடந்து வேறு மாநிலத்துக்குப் போய் விலை கேட்டார். அந்த பூத்தில் ஃபேன் கிடையாது. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி வெளியே வருவார், என் பக்கம் பார்க்காமல் நடப்பார். என் கதையின் அண்ணன் நடப்பது போலவே இருந்தது.

நிலையான ஆள் ஒருவரை இழந்த வருத்தம் ஒரு பக்கம், ஊரில் வம்பாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதனால் இரண்டாம் பகுதியில் கதையை அவரிடம் இருந்து விலக்கிக் கொண்டுபோகத் தீர்மானித்தேன். பலாமரம் ஊர் பேசுகிற காரணம்தான், உண்மையான சண்டை கிணற்றைப் பற்றியது என்று எழுதினேன். அதுவும் போதாது என்று பட்டது. அண்ணனைக் குடும்பத்தோடு கிளப்பிப் பொழியூர்க் கடற்கரையில் குடிவைத்து, மீன் வியாபாரி ஆக்கினேன். ரப்பருக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இதழ் வந்த அன்றைக்கே அவர் சாலையைக் கடந்து கேரளத்துக்கு வந்தார். கோபத்தைவிட மிரட்சிதான் முகத்தில் அதிகம் இருந்தது.

"பிலாவுக்க காரியம் நாட்டுக்கெல்லாம் தெரியும். கிணத்துக்க காரியம் உனக்கு ஆரு சொன்னா?"

நான் நோட்டை மேசைக்குள் தள்ளினேன்.

"எனக்க கெட்டினவ பொழியூர்க்காரி. அதும் எழுதியாச்சு" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, இனி என்ன எழுதப் போகிறாய் என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அச்சனிடம் போய்க் கதையை நிறுத்திவிடலாம் என்றேன். அச்சன் அச்சகத்தில் இருந்து வந்த புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். கிணறு வந்த இடத்தில் பேனாவை மூடி வைத்தார். பொழியூர் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு நல்ல திட்டு கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"பன்னிரண்டு வருஷமா நான் பிரசங்கம் வைக்கேன்" என்றார். "இது என்னப் பத்தியாக்கும்னு ஒருத்தனும் வந்து எங்கிட்ட சண்டை போட்டதில்ல. நீ எழுது."

அவர் குரலில் சற்றுப் பொறாமை இருந்ததாகவே எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். சீட் காலியாக இருந்தது.

மூன்றாம் பகுதியில் அண்ணன் திருந்தவேண்டும். தவக்காலத்தில் ஒரு பிரசங்கம் கேட்கிறார், நெஞ்சம் உருகுகிறது, நேரே தம்பி வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுகிறார். ஒரே மூச்சில் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் ரப்பர்க்காரர் பார்க்கவேண்டும் என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு தைரியம் இல்லை. நோட்டை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஃபேன் சுற்றியது. வெளியே மூன்று பேர் ஃபோனுக்குக் காத்து நின்றார்கள். அவர் ரிசீவரையே தொடவில்லை. எழுத்தில் விரல் வைத்து, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். மகனை துபாய்க்கு அனுப்பியிருந்த ஒரு அம்மா, உள்ளே என்ன ஜெபமா நடக்கிறது என்று என்னைக் கேட்டார்கள்.

வெளியே வந்து நோட்டை நீட்டினார். "இது நடக்காது."

"ஏன் அண்ணே?"

"ஒரு பிரசங்கம் கேட்ட உடனே உருகுகதுக்கு அவன் என்ன மெழுகுதிரியா? பதினேழு வருஷமாக்கும்."

கதையில் பதினொரு வருடம்தான். நான் திருத்தவில்லை.

அப்புறம் அவரே சொல்ல ஆரம்பித்தார். நேராக வீட்டுக்குப் போகமாட்டான், முதல்நாள் சாலை வளைவு வரைக்கும்தான் போவான். அங்கே ஓடைக்கு மேல் ஒரு கல்வெர்ட் இருக்கும், அதில் உட்கார்ந்து செருப்பில் கல் ஏறினது மாதிரி உதறிவிட்டுத் திரும்பிவிடுவான். இரண்டாம் தடவை வேலி வரை போவான், நாய் குரைக்கும், தம்பி பெண்டாட்டி யாரு என்று கேட்பாள், இவன் கோழி இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவான். வீட்டில் கோழியே கிடையாது. கடைசியாக எதையாவது இரவல் கேட்கிற சாக்கில்தான் உள்ளே போவான். ஏணி கேட்கலாம். ஏணி என்றால் எடுத்துக் கொடுக்க ஆள் வெளியே வந்தே ஆகவேண்டும். ஒரு முனையை ஒருத்தன் பிடித்தால் மறு முனையை இன்னொருத்தன் பிடிக்கவேண்டும்.

நான் எழுதிக்கொண்டே போனேன். கோழி வரும் இடத்தில் தலையை நிமிர்த்தி, நீங்கள் போனீர்களா அண்ணே என்று கேட்டேன்.

"நம்ம கதையப் பத்தியில்லா பேசுதோம்" என்றார்.

அப்படியாக, ஒரே மாதத்தில் திருந்தவேண்டிய மனிதர் திருந்த நான்கு மாதம் ஆயிற்று. ஒரு மாதம் முழுக்கக் கல்வெர்ட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இந்த ஆள் எப்போதுதான் வீட்டுக்குள் போவார், தவக்காலச் சிந்தனைக்குப் பக்கம் இல்லை என்று அச்சன் சொல்லி அனுப்பினார். ஆனால் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. கோழி வந்த மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. காரக்கோணத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். அடுத்த மாதமாவது அண்ணன் வாசலை மிதிப்பாரா, எங்கள் வார்டில் ஐந்து பேர் கேட்கிறார்கள் என்று. என் எழுத்துக்கு வந்த முதல் கடிதம் அது. லைன் செத்துக் கிடக்கிற நேரத்திலெல்லாம் எடுத்து வாசிப்பேன்.

கடைசிப் பகுதியில் கட்டிப்பிடிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அண்ணன் ஏணி கேட்கிறார். தம்பி எடுத்துக் கொடுக்கிறார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இருவரும் வளைவு வரை நடக்கிறார்கள். அவ்வளவுதான். இதில் கடவுள் எங்கே என்று அச்சன் கேட்பார் என்று பயந்து, ஒரு பதிலையும் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அதற்கு மாறாக, அடுத்த ஞாயிறு பைபிளில் பூமிக்கும் பரலோகத்துக்கும் நடுவே நிற்கும் ஏணியைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் வைத்து, இதை நம் எழுத்தாளர் எவ்வளவு ஆழமாகச் சிந்தித்திருக்கிறார் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆழமாகச் சிந்தித்தவளைப் போல நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிஸ்டர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

மறுநாள் காலை ரப்பர்க்காரர் கோபமாக வந்தார்.

"ஏணிய நீ அச்சடிச்சிட்டியே. நான் இனி என்னத்தக் கேட்டுட்டுப் போவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சாக்கை அவர் தனக்காகத்தான் வைத்திருந்தார். எனக்குச் சொன்னதில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி எந்த வீட்டில் போய் ஏணி கேட்டாலும் சிரிப்பார்கள். நான் தவித்துப்போனேன். இரண்டு பேரும் உட்கார்ந்து வேறு சாக்கு யோசித்தோம். மண்வெட்டி என்றேன். அவர் வீட்டில் மூன்று மண்வெட்டி இருப்பது தம்பிக்குத் தெரியுமாம். மாட்டுக்கு மருந்து என்றேன். மாடு இல்லையாம். பெட்ரோமாக்ஸ் என்றேன். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு மாதம் கழிந்தது. ரப்பர்க்காரர் மறுபடி என் பூத்தில் இருந்தே விலை கேட்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் காலை அவர் கூண்டுக்குள் நின்று கோட்டயத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது, நான் முன்பின் பார்த்திராத ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கக்கத்தில் எங்கள் மாத இதழ் இருந்தது. யார் என்று கேட்கத் தேவையே இல்லை. அதே மூக்கு, அதே காது.

ரப்பர்க்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். பேச்சு முடிந்து லைன் துண்டிக்கப்பட்டதை என் மீட்டர் காட்டியது. அவர் ரிசீவரைக் காதில் இருந்து எடுக்கவில்லை. வெறும் இரைச்சலிடம் ரப்பர் விலை பேசிக்கொண்டிருந்தார். தலையாட்டினார், யோசித்தார், ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். தம்பி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஃபேன் சுற்றுகிற வரைக்கும் இவர் வெளியே வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கரண்ட் போயிற்று.

இதை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால் அந்தத் தாடிக்காரர் இங்கேதான் கதை கெட்டது என்றிருப்பார். நான் என்ன செய்ய, போயிற்று. கூண்டில் விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. ஐந்து நிமிடம் தாங்கினார். பிறகு சட்டை முதுகோடு ஒட்ட, கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

தம்பி எழுந்து நின்றார். "அண்ணே, ஏணிய வாசல்லயே செவத்துல சாரி வெச்சிருக்கேன். ரெண்டு மாசமா மழையில நனையுது. வந்து எடுத்துட்டுப் போ."

"எனக்கு ஏணி உண்டு" என்றார் ரப்பர்க்காரர்.

சாலையில் ஒரு வாழைக்குலை லாரி போயிற்று.

"எதுக்கும் வந்து பாக்கேன்" என்றார்.

தம்பி முன்னால் நடந்தார். இவர் நாலடி பின்னால். பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு பேரும் சாலைக்கு ஒரே பக்கத்தில்தான் போனார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, காற்றில்லாத அந்தக் கூண்டுக்குள் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். என் கதைகளில் ஆட்கள் அழுவது போல அழகாக எல்லாம் இல்லை.

எழுதுவதை நிறுத்தும் பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. அடுத்த கதை ஒரு விதவைத் தாயையும் அவளுடைய அசையாத விசுவாசத்தையும் பற்றியது. மிக நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன். ரப்பர்க்காரர் வழக்கம்போல் நோட்டை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போனார். இந்தத் தடவை சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். குறை சொல்ல மனமில்லாமல், ஜங்ஷனைப் பார்த்தபடி நோட்டை நீட்டினார்.

"இது ஆரையும் பத்தி இல்லியே பிள்ளே" என்றார்.

அவர் போன பிறகு வாசித்துப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு ஒருநாள்கூடக் கோபம் வந்திருக்கவில்லை. முதல் இரண்டு பக்கங்களையும் கிழித்துவிட்டு, பேனாவை எடுத்தேன்.